அவளைப் பிடித்தது யார்

மீன் சந்தையில் அவளுக்குச் சின்னக்கத்தி என்று பெயர். மற்றவர்கள் சுறாவைக் கூறுபோட முழ நீளக் கத்தி வைத்திருக்க, அவள் கையில் இருந்தது தீட்டித் தீட்டி விரல் அளவுக்குத் தேய்ந்துபோன ஒன்று. அதை வைத்துக்கொண்டு கணவாய் மீனின் மைப்பையை உடையாமல் உருவி எடுப்பாள். வாங்க வந்தவர்கள் பேச்சுக் கொடுத்தால் தலை நிமிராமல் பதில் சொல்வாள். கை நிற்காது.

வலது தோள் சற்று இறங்கியிருக்கும். முன்பல் ஒன்று பாதிதான் உண்டு. அதைப் பற்றி யாராவது கேட்டால், "எங்கப்பா பல் வைத்தியர்" என்பாள். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். பக்கத்துக் கடை அக்கா மட்டும் சிரிக்க மாட்டாள். சந்தையில் அவளுடைய முழுக் கதையும் தெரிந்தவள் அந்த அக்கா ஒருத்திதான்.

அப்பா பல் வைத்தியர் இல்லை. அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறவர். பன்னிரண்டு வயதில் அவளுக்கு முதல் தடவை வலிப்பு வந்தது சமையலறையில், அவர் கண் முன்னால். நாக்கைக் கடித்துக்கொள்ளப் போகிறாள் என்று கரண்டிக் காம்பைப் பல்லுக்கு நடுவே திணித்து நெம்பினார். பல் போனது அப்போதுதான். துள்ளுகிற உடம்பை அடக்க அண்ணன் மேலே ஏறி உட்கார்ந்து கையை முறுக்கிப் பிடித்தான். தோள் மூட்டு கழன்றது. கண் விழித்தபோது வாய் நிறைய ரத்தம், வலது கை தன்னுடையதே இல்லை என்பதுபோல் தொங்கியது. அதைவிட அவளைப் பயமுறுத்தியது அப்பாவின் முகம்.

"யாரு நீ?" என்று கேட்டார்.

"நான்தாம்பா."

அவர் நம்பவில்லை. இடுப்பு வாரை உருவினார். அவளுக்குள் யாரோ வந்து பிடித்துக்கொண்டிருக்கிறான், அடித்தால் வலி தாங்காமல் இறங்கிவிடுவான் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவராகவே கண்டுபிடித்துக்கொண்டார். "போறியா இல்லையா?" என்று ஒவ்வோர் அடிக்கும் கேட்டார். அம்மா கதவுக்கு வெளியே நின்று அழுதாள். கடைசியில் மகள் புத்திசாலித்தனமாக, "போறேன், போயிட்டேன்" என்று ஓர் ஆண் குரலில் சொன்னாள். அடி நின்றது. அப்பா அவளைக் கட்டிக்கொண்டு தேம்பினார். அடுத்த தடவையிலிருந்து கண் விழித்ததும் அந்தக் குரலில் பேசிவிடுவாள். அடி கொஞ்சம் சீக்கிரம் முடியும்.

கல்யாணத்தின்போது விஷயத்தை மறைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். குடிப்பழக்கம் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, வேலை விட்டால் வீடு. மூட்டை தூக்கித் தூக்கிக் கழுத்து தோளோடு ஒட்டிப்போன மனிதர். நன்றாகப் பாடுவார். மகள் பிறந்தபோது குழந்தையைத் தூக்கப் பயந்து, தன் கை முரடு என்று சொல்லித் தலையணை மேல் வைத்துத்தான் வாங்கினார். இதையெல்லாம் சொல்லாமல் விட்டால் அவருக்கு நியாயம் செய்ததாகாது.

அவர் முன்னால் முதல் தடவை அவளுக்கு வலிப்பு வந்த அன்று அவர் அடிக்கவில்லை. பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, தன் பலம் முழுவதையும் போட்டு இறுக்கினார். "விடு, அவளை விடு" என்று கத்திக்கொண்டே இறுக்கினார். அவளுடைய விலா எலும்பு ஒன்றில் கீறல் விழுந்தது. தெளிந்ததும் அவள் பழைய பழக்கத்தில் அந்த ஆண் குரலில், "போயிட்டேன்" என்று சொல்லித் தொலைத்தாள்.

அதுதான் அவள் செய்த பெரிய தவறு. அப்பாவிடம் அவளைக் காப்பாற்றிய குரல் புருஷனிடம் அவளைக் கெடுத்தது.

"யாருடி அவன்?" என்றார்.

எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள். யாரும் இல்லை, அது வியாதி, அடி தப்பிக்க நானாகப் பேசினது. அவர் தலையில் ஏறவில்லை. தன் மனைவியை ஒருவன் வந்து பிடிக்கிறான், தான் இவ்வளவு பலம் போட்டு இழுத்தும் அவன் விட மாட்டேன் என்கிறான். மூட்டை தூக்கும் மனிதருக்கு அது மானப் பிரச்சினை. "என் பிடியைவிட அவன் பிடிதான் உனக்குப் பெரிசா?" என்று கேட்டு ஒருநாள் அவள் தலையைச் சுவரில் மோதினார். அவருடைய தங்கை, அதே வீட்டில் இருந்தவள், நடுவில் விழுந்து தடுத்தாள். அவளுக்கும் ஒரு அறை. "அண்ணி, அவன் பேரைச் சொல்லிடுங்களேன்" என்று அந்தப் பெண் ஈரத் துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே கெஞ்சினாள். அவளும் நம்பினாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

பக்கத்துக் கடை அக்காதான் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். நரம்பு டாக்டர் ஒரு பெண். ஒல்லியாக, மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுத் தேடுகிற ரகம். தோளைத் தொட்டுப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், விலாவை அழுத்திப் பார்த்தார்.

"வலிப்பு வரும்போது யாராவது பிடிச்சு அமுக்குவாங்களா?"

"பிடிக்காதவங்க யாருன்னு கேளுங்க டாக்டர், சீக்கிரம் சொல்லிடலாம்."

டாக்டர் சிரிக்கவில்லை. மாத்திரை எழுதினார். ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது, திடீரென்று நிறுத்தினால் முன்பைவிட மோசமாக வரும் என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. பக்கத்துல கூரா ஏதும் இருந்தா நகர்த்துங்க. அதோட உங்க வேலை முடிஞ்சுது. வலிப்பு விட்ட பிறகும் கொஞ்ச நேரம் தொடாதீங்க. புத்தி திரும்பியிருக்காது, தொட்டா திமிறுவாங்க" என்றார்.

மாத்திரை வேலை செய்தது. இரண்டு வருடம் அவளை எதுவும் தொடவில்லை. எப்போதாவது ரப்பர் கருகுகிற வாடை மூக்கில் அடிக்கும், அதுதான் அவளுக்கு வருகிற எச்சரிக்கை. கத்தியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வாள், வாடை போய்விடும். வீட்டில் புருஷன், அவனைத் தான் விரட்டிவிட்டதாகவே நினைத்தார். கிடங்கில் கொஞ்சம் பெருமையாகச் சொல்லிக்கொண்டதாகவும் கேள்வி.

மாத்திரையை அவள் பழைய செருப்புக்குள் ஒளித்து வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை செருப்பைத் தைக்கக் கொடுக்கலாம் என்று அவர் எடுத்தார். உள்ளே கிடந்ததைத் தெருமுனைக் கடைக்காரனிடம் காட்டி என்ன மாத்திரை என்று கேட்டிருக்கிறார். அவன் வாய்க்கு வந்தபடி, பைத்தியத்துக்குக் கொடுக்கிறது என்றிருக்கிறான். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பிரித்துச் சாக்கடையில் கொட்டினார். அவள் குறுக்கே பாய்ந்தபோது வயிற்றில் மிதித்தார். மகள் மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டாள்.

மறுபடி மாத்திரை வாங்க அவள் கிளம்புவதற்குள் இரண்டு பகல் போய்விட்டது. மூன்றாம் நாள் காலை சந்தையில், ஒரு சூரை மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தவளுக்குக் கருகல் வாடை வந்தது. கத்தியைப் போட்டாள். உட்காருவதற்குள் விழுந்துவிட்டாள்.

அக்கா எடை போடுகிற பக்கம் போயிருந்தாள். மீனுக்கு ஐஸ் உடைத்துப் போடுகிற ஐஸ்காரர் ஓடி வந்து, அக்கா சொல்லிக் கொடுத்திருந்தபடி அவளை ஒருக்களித்தார், கூட்டத்தை விலக்கினார். வெட்டி இழுத்தது நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து பலகை முன்னால் உட்கார்ந்தாள். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. கை தடவித் தடவிக் கத்தியைக் கண்டுபிடித்தது. வெறும் பலகையில் மீன் கீற ஆரம்பித்தாள். வயிற்றைப் பிளப்பது, குடலை வழிப்பது, தண்ணீரில் அலசுவது எல்லாம் வரிசை பிசகாமல் நடந்தது. மீன்தான் இல்லை. ஐஸ்காரர் அவள் விரல் தளர்வதற்காகக் காத்துக்கொண்டு குந்தியிருந்தார்.

அப்போதுதான் புருஷன் வந்தார். அவள் காலையில் கோபத்தில் எடுக்காமல் வந்த சாப்பாட்டுத் தூக்கு அவர் கையில் இருந்தது. கூட்டத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவருக்குத் தெரியும். அவன் திரும்பி வந்துவிட்டான்.

"பிடிக்காதீங்கண்ணே. விடுங்க, தானா சரியாயிடும்" என்றார் ஐஸ்காரர்.

அவர் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, பின்னாலிருந்து கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு இறுக்கித் தூக்கினார். "விடுடா" என்றார். அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கால் உதைத்தது, பலகை கவிழ்ந்தது, இருவரும் மீன் தண்ணீரில் வழுக்கி விழுந்தார்கள். விழுந்தும் அவர் விடவில்லை. கத்தியிருந்த கை பின்பக்கமாகப் போய்ப் போய் வந்தது. ஐஸ்காரர் மணிக்கட்டைப் பிடிக்கப் பார்த்துத் தன் உள்ளங்கையை அறுத்துக்கொண்டார். அவருடைய தொடையும் இடுப்பும் சேருகிற இடத்தில் கத்தி ஏறியது. மீன் வெட்டுகிற இடத்தில் ரத்தம் புதிதல்ல. ஆனால் இது துடித்துத் துடித்துப் பீய்ச்சியது, நின்றவர்கள் கால்வரை வந்தது. அவர் பிடி தளரும்வரை அவள் திமிறிக்கொண்டே இருந்தாள். தளர்ந்ததும் அவளும் அடங்கினாள். அக்கா ஓடி வந்து தன் மேல்துணியைச் சுருட்டிக் காயத்தில் முட்டியால் அழுத்தினாள். வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது.

அவளுக்குப் புத்தி தெளிந்தபோது இரண்டு கையும் சிவப்பு. "எந்த மீனுக்கு இவ்வளவு ரத்தம், அக்கா?" என்று கேட்டாள்.

காவல் நிலையத்தில் ஒரு பெண் காவலர், நடித்தது போதும் என்று கன்னத்தில் அறைந்தார். அன்று மாலையே அங்கே மறுபடி வலிப்பு வந்தது. நான்கு பேர் சேர்ந்து அமுக்கினார்கள். இடது கை மோதிர விரல் முறிந்தது. சிறையில் இருந்த பெண்கள் அவளுக்கு இடம் விட்டுப் படுத்தார்கள், தங்கள் சோப்பைக் கொடுத்தார்கள். ஒருத்தி காதருகே வந்து, "சரியான வேலை செஞ்சே. வலிப்புன்னு சொன்னது அதைவிடச் சரி" என்றாள். பார்க்க வந்த மீன்காரிகளும் அதையேதான் வேறு வார்த்தையில் சொன்னார்கள். அவர் அடித்ததை அறிந்த யாருமே அவள் தெரியாமல் செய்தாள் என்று நம்பவில்லை. நம்பாமலேதான் அவள் பக்கம் நின்றார்கள். அவர்களுடைய அன்பு அவளுக்குத் தொண்டையில் சிக்கிய முள்.

வழக்கு நடந்தது. உடம்பில் இருந்த தழும்புகளையெல்லாம் அவளுடைய வக்கீலம்மா எடுத்துச் சொன்னார். அரசு வக்கீல் அதே தழும்புகளை வாங்கிக்கொண்டு, கொல்ல இதைவிடக் காரணம் வேண்டுமா என்று கேட்டார். நாத்தனார் சாட்சிக் கூண்டில் ஏறி, "அண்ணன் அடிப்பாரு. ஆனா அண்ணியை விட மாட்டாரு. சாகிற வரைக்கும் விடலையே" என்று சொல்லி அழுதாள். அந்த வாக்கியத்தை யாருக்குச் சாதகமாக எடுப்பது என்று இரண்டு வக்கீல்களுக்குமே தெரியவில்லை.

நரம்பு டாக்டரை அழைத்தார்கள். அன்றும் கண்ணாடி தலைமேல்தான் இருந்தது.

அரசு வக்கீல் கேட்டார்: "வலிப்பு வந்தவங்க வெட்டி இழுத்துக் கீழே கிடப்பாங்க. இந்தம்மா உட்கார்ந்து கத்தியைப் பிடிச்சிருக்காங்க. பிடிக்கத் தெரிஞ்சவங்களுக்கு எப்படி வலிப்பாகும்?"

"நீங்க சொல்ற 'பிடி'யிலதான் எல்லாக் குழப்பமும்" என்றார் டாக்டர். "நாங்க எபிலெப்சின்னு சொல்றோமே, அது ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழைய கிரேக்கச் சொல். முன்பாதிக்கு 'மேலே'ன்னு அர்த்தம், பின்பாதிக்குப் 'பிடி'ன்னு அர்த்தம். மேலே விழுந்து பிடிச்சுக்கிறது. ஏதோ ஒரு தெய்வம் ஆளைக் கவ்வி உலுக்குதுன்னு அந்த ஜனங்கள்ல நிறையப் பேர் நினைச்சாங்க. நம்ம வலிப்பும் தூரம் இல்லை. வலிக்கிறதுன்னா இழுக்கிறது. படகுக்காரங்க துடுப்பு வலிக்கிறதுன்னு சொல்றாங்களே, அந்த வலி. யாரோ இழுக்கிறாங்க, இவங்க இழுபடறாங்க. ரெண்டு மொழியிலயும் நோயாளி எதையும் செய்யறதில்லை. அவங்களுக்குச் செய்யப்படுது."

"பாடம் நல்லாருக்கு டாக்டர். இன்னிக்கு யாரும் அப்படி நம்பறதில்லையே."

"நான் நம்பலை. மூளைக்குள்ள மின்சாரம் தாறுமாறா ஓடுது, அவ்வளவுதான். ஆனா இவங்க அப்பா நம்பினார். புருஷன் நம்பினார். எவனோ பிடிச்சிருக்கான்னு நினைச்சதாலதான் ஆளாளுக்குப் போட்டிக்குப் பிடிச்சாங்க. தோள் கழண்டது, பல் உடைஞ்சது, விலா, விரல், இதுல எதையும் வியாதி செய்யலை. அகராதியில பழைய அர்த்தம்னு போட்டிருக்கே, அது இவங்க வீட்டுல பழசாகவே இல்லை."

"கத்தியைப் பத்திச் சொல்லுங்க."

"வலிப்பு விட்டதும் கொஞ்ச நேரம் கை தனக்குப் பழகின வேலையைத் தானா செய்யும். அந்த நேரத்துல கழுத்தை இறுக்கினா உடம்பு திமிறும். யாருன்னு பார்த்துத் திமிறாது."

"அவங்களுக்கு அந்த நேரத்துல தெரியவே தெரியாதுன்னு நிச்சயமாச் சொல்றீங்களா?"

டாக்டர் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். "நான் பார்த்த வரைக்கும், ஐஸ்காரர் சொன்ன வரைக்கும், தெரிஞ்சிருக்காது. உள்ளே போய்ப் பார்த்தேன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

நீதிபதி ஐஸ்காரரின் உள்ளங்கைத் தழும்பை இன்னொரு தடவை பார்க்க விரும்பினார். காப்பாற்ற வந்தவரையும் கத்தி கீறியிருக்கிறது, ஆள் பார்த்துக் கீறவில்லை என்று தீர்ப்பில் எழுதினார். கொலை இல்லை. மருத்துவக் கண்காணிப்பில் சில மாதம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், பிறகு போகலாம்.

ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த அக்காவிடம் அவள் சொன்னாள்: "கேட்டீங்களாக்கா, நான் ஒண்ணுமே செய்யலையாம். பொறந்ததுலேருந்து எல்லாரும் எனக்குச் செஞ்சதுதானாம்."

"நல்லதுதானே. விடுதலை ஆயிட்டே."

"என்ன நல்லது? கல்லையும் மண்ணையும் பத்திப் பேசற மாதிரி பேசிட்டுப் போறாங்க." முறிந்து கூடிய மோதிர விரலை நீவிக்கொண்டாள். "அந்தாளு மேல எனக்குக் கோபம் இருந்துச்சுக்கா. அன்னிக்குக் காலைல கத்தி தீட்டும்போதுகூட இருந்துச்சு. அது அந்த நேரத்துல எங்க போயிருக்கும்?"

அக்கா, கொண்டுவந்திருந்த ஆரஞ்சை உரித்துக் கொடுத்தாள். டாக்டரிடமும் இதற்குப் பதில் இருக்காது என்று அவளுக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை.

வெளியே வந்த மறுநாள் மகளை அழைத்துவர, அதுவரை அவளை வைத்திருந்த நாத்தனார் வீட்டுக்குப் போனாள். இரண்டு அறை வீடு, வாசலில் துணி காய்ந்தது. நாத்தனார் கதவைத் திறந்தாள், பார்த்தாள், உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் துணி துவைக்கிற கட்டை இருந்தது. முதல் அடி கழுத்தெலும்பில் விழுந்தது. முறிகிற சத்தம் மகளுக்கும் கேட்டது, உள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். "என் அண்ணனைத் திருப்பிக் கொடுத்துட்டுப் பொண்ணைக் கூட்டிட்டுப் போ" என்றாள் நாத்தனார். இரண்டாவது அடி தலைக்கு வந்தது.

அவள் கையை உயர்த்தி அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். மீன் வெட்டுகிற கை. நாத்தனாரால் அசைக்க முடியவில்லை. முறுக்கினாள், கட்டை விழுந்தது. இன்னும் முறுக்கினாள், நாத்தனார் முழங்கால் போட்டாள். எலும்பு எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கும் என்பது அவள் விரலுக்குத் தெரிந்தது. அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஓர் உடம்பு அவள் பிடிக்குள் துடித்தது. அந்தச் சுகமும் அவளுக்குத் தெரிந்தது. பின்னால் அக்காவிடம் இதை மறைக்காமல் சொன்னாள்.

"இது நான்" என்றாள் நாத்தனாரிடம். "இப்போ பிடிச்சிருக்கிறது நான். நல்லாத் தெரிஞ்சுதான் பிடிச்சிருக்கேன். அன்னிக்கு எனக்குத் தெரியாது. வித்தியாசம் தெரியுதா?"

நாத்தனார் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். சந்தையில் நடந்ததை அவள் பார்த்ததில்லை. ஆனால் இதே அண்ணி நினைவில்லாமல் துள்ளிக் கிடந்ததை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். இரண்டு முகத்தையும் ஒப்பிட்டாளோ என்னவோ, "விடுங்க அண்ணி" என்றாள். அவள் விட்டாள். மகளைக் கூப்பிடாமலே படியிறங்கினாள். உள் கதவருகே நின்று குழந்தை பார்த்த பார்வையைக் கண்டபிறகு அதை இழுத்துக்கொண்டு போக அவளுக்கு மனம் வரவில்லை. போலீசில் சொல்லவும் இல்லை.

கழுத்தெலும்பு கோணலாகக் கூடியது. சந்தை சங்கத்தில் கத்தி வேலை தரக் கூடாது என்று சிலர் சொன்னார்கள். ஐஸ்காரர் தன் உள்ளங்கையை அவர்கள் முகத்துக்கு நேராக நீட்டி, "அறுபட்டவன் நானே சும்மா இருக்கேன், உங்களுக்கு என்ன அரிக்குது?" என்றார். கொஞ்ச காலம் செதில் உரிக்கிற வேலை பார்த்தாள், பிறகு பலகைக்குத் திரும்பினாள். மாத்திரை இப்போது கடை முன்னாலேயே ஆணியில் தொங்குகிறது. நேரம் வந்தால் ஐஸ்காரர் முதற்கொண்டு நினைவுபடுத்துவார்.

மகள் ஒரு வருடம் கழித்துத் தானாக வந்தாள். பள்ளிச் சீருடையோடு மீன் தண்ணீரைத் தாண்டித் தாண்டி நடந்து வந்து பலகைக்கு முன்னால் நின்றாள். அத்தைதான் அனுப்பினாளாம், சந்தை வாசலில் நிற்கிறாளாம், உள்ளே வர மாட்டாளாம்.

"அப்பாவைக் குத்தினது உனக்கு உண்மையாவே ஞாபகம் இல்லையா?" என்று கேட்டாள்.

சுற்றியிருந்த கத்திகள் எல்லாம் ஒரு நொடி நின்றன.

"இல்லை."

"ஒண்ணுகூட?"

"கருகின வாடை. அப்புறம் அக்கா முகம். நடுவுல ஒண்ணும் இல்லை. நானும் தேடித் தேடிப் பார்த்துட்டேன்."

சிறுமி யோசித்தாள். "நான் மேசைக்கு அடியிலேர்ந்து எல்லாம் பார்த்தேன். அதுக்கு முந்தி அப்பா உன்னை அடிச்சதெல்லாம். எனக்கு ஞாபகம் இருக்கு."

அவள் கையை வாளித் தண்ணீரில் முக்கி, சேலையில் துடைத்து, முகர்ந்து பார்த்து, மறுபடி கழுவினாள். மகளைத் தொடுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஈரக் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"அத்தைக்கு மீன் ஏதாவது கொண்டு போறியா?" என்று கேட்டாள்.

"கணவாய் பிடிக்கும்" என்றாள் மகள். பக்கத்தில் கிடந்த காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அம்மா அதைச் சுத்தம் செய்து முடிக்கும்வரை உட்கார்ந்துகொண்டாள்.